பெரம்பலூரில் காற்று, அரியலூரில் வீடு

மஸ்கட்டில் எனக்கு அறை கொடுத்த கிழவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். வேலை அட்டை இருக்கிறதா என்று அரபியில் கேட்டார். நீட்டினேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சாவியைக் கையில் போட்டார். "தண்ணீரை வீணாக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். என் அப்பா பெயரோ, எங்கள் சாமி பெயரோ அவருக்குத் தேவைப்படவில்லை. கடல் கடந்து போன இடத்தில் அப்படி. கடலே கடக்காமல், என் சொந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் ஒரு வாடகை வீட்டுக்காக நான் போன பயணம்தான் இது. மஸ்கட் போனபோதுகூட எனக்கு இவ்வளவு களைப்பு இல்லை.

நான் ஏ.சி. மெக்கானிக். இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டு அறைகளுக்குக் குளிர்ந்த காற்று கொடுத்துவிட்டு, என் மகளுக்குச் சுத்தமான காற்று தேடி ஊருக்கு வந்தேன். கயலுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். புகை, தூசி எது பட்டாலும் மூச்சு இழுக்கும். திருச்சியில் பார்க்கும் டாக்டர் ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டை எழுதிவிட்டு, "மருந்து பாதிதான் சார், நல்ல இடமாப் பாத்து இருங்க, அதான் மீதி" என்பார். இந்த வருடம் அவள் பதினொன்றாம் வகுப்பு. என் மனைவி செல்வி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவளுக்குக் குன்னம் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. எங்கள் ஊர் செட்டிகுளத்துப் பக்கம். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ் மாறி மாறிப் போனால், அவள் போய்ச் சேரும்போது பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். குன்னத்திலிருந்து பெரம்பலூருக்கும் பஸ் உண்டு, அரியலூருக்கும் பஸ் உண்டு. இரண்டில் ஒன்று. பள்ளி திறப்பதற்குள் பார்த்தாக வேண்டும்.

ஊரைச் சொன்னேன், தெருவையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் காலனி. அப்பாவும் அம்மாவும் மற்றவர் காட்டில் வெங்காயம் அறுத்து எங்களைப் படிக்க வைத்தார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் டீச்சர் உண்டு, போலீஸ்காரர் உண்டு, ஜே.சி.பி. சொந்தமாக வைத்திருப்பவர்கூட உண்டு. ஆனாலும் தெருவுக்குப் பெயர் அதேதான்.

முதல் நாள் பெரம்பலூர். ரயிலே வராத மாவட்டத் தலைநகரம் என்று அதைக் கேலி பேசுவார்கள். எனக்கு அந்த ஊர் பிடிக்கும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே நுழைந்தால் காற்று வேறாக இருக்கும். ஊரைச் சுற்றி மக்காச்சோளக் காடும் பருத்திக் காடும்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் பூரி சாப்பிட்டோம். கிழங்கில் பச்சைமிளகாயைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். கயல் முகத்துணியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு செட் சாப்பிட்டாள். "இந்த ஊருன்னா எனக்கு ஓகேப்பா" என்றாள். வீடு பார்க்கும் முன்பே அவள் குடிவந்துவிட்டாள்.

வீடு காட்ட ஒரு புரோக்கர் வந்தார். பாஸ்கர் என்று பெயர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். நாங்கள் மூன்று பேரும் செல்வியின் ஸ்கூட்டரில், அவர் முன்னால் பைக்கில். போகும்போதே தலையைத் திருப்பிக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது. சாருக்கு எந்த ஊரு?"

"மஸ்கட்லேர்ந்து வரேங்க."

"அது சரிங்க சார். அதுக்கு முன்னாடி?"

"செட்டிகுளம் பக்கம்."

"செட்டிகுளத்துல எங்க?"

சொன்னேன். ஒளித்து வாழ நான் என்ன திருடனா? பாஸ்கர் திரும்பிக்கொண்டார். பைக்கின் வேகம் கொஞ்சம் குறைந்தது. பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். வூட்டுக்காரங்கதான்" என்றார்.

அன்றைக்கு மூன்று நகர்கள் பார்த்தோம். பெயர்கள் வேண்டாம். எல்லா நகரும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முன்னால் ஒரு வளைவு, உள்ளே ஒரு பிள்ளையார், அப்புறம் சுவரெல்லாம் கேமரா. பாதுகாப்புக்குக் குறையே இல்லை. வாடகை மஸ்கட் கிழவரை நினைத்து ஏங்க வைத்தது. ஆனாலும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். வாங்கத்தான் அவர்கள் தயாராக இல்லை.

முதல் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து காட்டினார், ஜன்னலைத் திறந்து காட்டினார். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன். உடனே அவருக்கு வாஸ்து ஞாபகம் வந்தது. "இந்த வூடு டீச்சர் வேலை பாக்குறவங்களுக்கு ராசியில்லைன்னு ஜோசியர் சொல்லியிருக்காருங்க" என்றார். வாசலில் தொங்கிய போர்டில், 'ஆசிரியர், அரசு ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. செல்வி அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் வீட்டு அம்மா, தாங்கள் சுத்த சைவம் என்றார். அடுப்படியிலிருந்து வந்த கருவாட்டு வாசனையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டில் கேட்டே திறக்கவில்லை. பாஸ்கர் வெளியே நின்று போனில் பேசினார். எங்களை ஒருமுறை பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னும் மெதுவாகப் பேசினார். வந்து, "ஆள் வந்துட்டாங்களாம் சார்" என்றார். மாடி பால்கனியில் நின்றபடி ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்கள் அதிகம் இருக்கிற பக்கத்துக்கும் போனேன். செல்வியோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் அங்கே குடியிருக்கிறார். அவர் சிரித்தார். "காலியா எங்க சார் இருக்கு? இங்க இருக்குற எல்லாருமே நீங்க சுத்துன தெருவெல்லாம் சுத்திட்டு வந்தவங்கதான்." மாடியில் தகரக் கூரை போட்டுக்கூட வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதிலும் ஆள் இருந்தது.

திரும்பி வரும்போது கயல் கேட்டாள். "மனை வாங்கிக் கட்டிக்கலாம்லப்பா?" அதற்கும் மனைக்காரர் கேட்பார் என்று நான் சொல்லவில்லை. "பாக்கலாம் பாப்பா" என்றேன்.

மறுநாள் காலை நெடுஞ்சாலைக்கு வரும் முன்பே ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றை இழந்தது. பஞ்சர் ஒட்டுபவர் டயரைக் கழற்றித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருக்க, நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். அங்கே நின்றபோதுதான் செல்வி முடிவெடுத்தாள்.

"இன்னிக்கு நீங்க பேசாதீங்க. நான் பேசறேன்."

"பொய் சொல்லப் போறியா?"

"பொய்யும் வேணாம், உண்மையும் வேணாம். கேட்டதுக்கு மட்டும், பாதி. பிள்ளைக்கு மூச்சு வேணும்ங்க. எனக்கு மத்தது எதுவும் வேணாம்."

கயல் போனைப் பார்ப்பதுபோல நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார்மேல் என்று கேட்டால் அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

பாஸ்கரின் இன்னொரு போனுக்கு வந்த வீடு அது. அவருக்கே அந்த வீட்டுக்காரர்களை அவ்வளவாகத் தெரியாது. எங்களைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை, வீட்டைக் காட்டிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு நகர், கடைசித் தெரு. தெருவுக்கு அப்புறம் காடுதான். கீழே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவி, மாடி காலி. வாசலில் பெரிய வேம்பு, மாடி ஜன்னல் வரைக்கும் கிளை நீட்டி நின்றது. கயல் படியேறி ஓடினாள். மொட்டைமாடி வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்து எங்களைக் கூப்பிட்டுக் கையாட்டிவிட்டு, ஓடியே இறங்கி வந்தாள். என் முன்னால் வந்து நின்று, "பாருங்க" என்று வாயைத் திறந்து மூச்சு விட்டுக் காட்டினாள். இழுப்பு இல்லை. ஓடி வந்த பிள்ளைக்கு இருக்கவேண்டிய சாதாரண மூச்சு. செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கார அய்யா நல்ல மனிதர்தான். ஊர் செட்டிகுளம் பக்கம் என்று செல்வி சொன்னபோது எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்கள் நேராகக் கேட்க மாட்டார்கள். சாமியைக் கேட்பார்கள்.

"உங்களுக்குக் குலசாமி எதும்மா?"

"சிறுவாச்சூர் மதுரகாளிங்க" என்றாள் செல்வி.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் குலசாமி. சிறுவாச்சூருக்கு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியும், எல்லாத் தெருக்காரர்களும் அங்கேதான் மாவிளக்கு போடுகிறார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆத்தா எங்களை அந்த நிமிடம் காப்பாற்றினாள்.

"எங்களுக்கும் அவதான்" என்றார் அய்யா. அந்த அம்மா சிரித்தபடி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். இரண்டு பெண்களும் கல்யாணமாகி ஒருத்தி சென்னையிலும் ஒருத்தி ஓசூரிலும் இருப்பதைச் சொன்னார். ஆண்பிள்ளை இல்லையென்று குறையில்லை, இந்தப் பாப்பா பேத்தி மாதிரி இருந்துட்டுப் போவட்டும் என்று கயலின் தலையைத் தடவினார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சலாம் என்று அய்யா நாள் வரைக்கும் சொல்லிவிட்டார். அட்வான்ஸ் சாயங்காலம் கொண்டுவருவதாகப் பேசினோம். எவர்சில்வர் டம்ளரில் நல்ல டிகிரி காபி. நான் அதை மெதுவாகக் குடித்தேன். பல வருடங்களாக யாரோ என் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டதுபோல இருந்தது.

குடித்து முடித்தேன். எழுந்தேன். வாசற்படிக்குப் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லருகே ஒரு குழாய் இருந்தது. போய் டம்ளரைக் கழுவினேன். பக்கத்துக் கட்டைச் சுவரில் அதைக் கவிழ்த்து வைத்தேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.



"அய்ய, நீங்க எதுக்குக் கழுவுறீங்க, வச்சுட்டா நான் எடுத்துக்க மாட்டேனா" என்று அந்த அம்மாதான் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவருடைய கண் கட்டைச் சுவரில் கவிழ்ந்திருந்த டம்ளரில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு என்னிடம் வந்தது. சிரிப்பு முகத்தில்தான் இருந்தது.

"செட்டிகுளத்துல எந்தத் தெருன்னு சொன்னீங்க?"

"நான் தெரு எதுவும் சொல்லலீங்க" என்றேன்.

"அப்படியா" என்றார். அய்யா தொண்டையைச் செருமினார். அட்வான்ஸுக்கு அவசரமில்லை, போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்றார். நாங்கள் கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது கட்டைச் சுவரில் என் டம்ளரும், நாற்காலிப் பக்கத்தில் செல்வியின் டம்ளரும் கயலின் டம்ளரும் வைத்த இடத்திலேயே இருந்தன. அந்த அம்மா எதையும் தொடாமல் உள்ளே போய்விட்டிருந்தார்.

பையனாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். கூரை வாரையில் சொருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, குடித்து, கழுவி, கவிழ்த்துவிட்டு வரவேண்டும். அப்பாவோடு போனால் அவர் எனக்கும் சேர்த்துக் கழுவுவார். கழுவாமல் வந்தால் கடைக்காரர் பின்னாலேயே சத்தம் போடுவார். இப்போது அந்தக் கடையில் பேப்பர் கப். சட்டமும் கூட்டமும் செய்யாததைப் பேப்பர் கப் செய்துவிட்டது என்று எங்கள் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். மஸ்கட்டில் முதலில் இருந்த தொழிலாளர் கேம்ப்பில் அவரவர் கோப்பையை அவரவரே கழுவவேண்டும், மலையாளியாக இருந்தாலும் பாகிஸ்தான்காரராக இருந்தாலும். அங்கே பழகியதுதான் இது என்று நினைத்திருந்தேன். கை அதை மஸ்கட்டில் கற்கவில்லை. மஸ்கட்டுக்கு முன்னாலிருந்தே அதற்குத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் பாஸ்கர் போன் செய்தார்.

"சார், அந்த வூடு அமையாது போல. அவங்க மகன் வெளிநாட்டுலேர்ந்து வராராம். மாடியில குடி வைக்கணுமாம்."

"பிறந்துட்டானா?" என்று கேட்டேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிட்டேன்.

செல்வி அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியதைக் கேட்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"டம்ளரை ஏங்க கழுவுனீங்க?"

"பழக்கம்."

"தெரியுது." சக்கையைப் பிழிந்து போட்டாள். "எனக்கும் கழுவக் கை போச்சு. அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இரண்டு டிகிரி வாங்கியவள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், கையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவளைப் பார்க்காமல் காபியை ரசித்துக் குடித்திருக்கிறேன்.

இனி அரியலூர். அந்த ஊர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்கிறார்கள். நத்தை, சிப்பி எல்லாம் கல்லாகிக் கிடக்கிறதாம், பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்களாம். அந்தக் கடலின் மிச்சம்தான் சுண்ணாம்புக் கல். கல்லை வெட்டி, அரைத்து, சுட்டு சிமென்ட் ஆக்குகிறார்கள். கல் ஏற்றிய லாரி ராத்திரி பகல் ஓடுகிறது. கயலை அந்த ஊர்ப் பக்கமே கூட்டிப் போகக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தோம். வேறு வழியில்லாமல் இப்போது அங்கே வீடு பார்க்கக் கிளம்பினேன். முதலில் நான் மட்டும் போனேன், பஸ்ஸில்.

பேரளி தாண்டியதும் பஸ் இருமியது, பிறகு நின்றது. டிரைவர் இறங்கி இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, பார்த்ததோடு சரி, பீடி பற்ற வைத்தார். அடுத்த பஸ் வரும் வரைக்கும் எல்லாரும் ரோட்டோரம் நின்றோம். பையில் முந்திரிக்கொட்டை வைத்திருந்த ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

இங்கேயுமா என்று எரிச்சல் வந்தது. "மஸ்கட்" என்றேன் வெடுக்கென்று.

"மஸ்கட்டா?" அவர் யோசித்தார். "அது ஜெயங்கொண்டத்துக்கு அந்தாண்டயா?"

அந்த வாரம் நான் சிரித்தது அப்போது மட்டும்தான். "ஆமாங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றேன். அவர் ஒரு கை முந்திரிக்கொட்டையை எடுத்து, சுட்டுத் தின்னச் சொல்லிக் கொடுத்தார். அதோடு அவருடைய கேள்விகள் தீர்ந்துவிட்டன.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உளுந்து வடையும் டீயும். கெட்டிச் சட்னி, நன்றாகவே இருந்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பீகார்க்காரர்கள், ஆலை வேலைக்கு வந்தவர்கள். தங்கள் அறையில் தண்ணீர் வராததைப் பற்றி வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவில் கற்ற ஹிந்தியில் நானும் பேச்சில் நுழைந்தேன். வீடு எளிதாகக் கிடைத்ததா என்று கேட்டேன். மூத்தவர் சொன்னது இதுதான்:

"எங்கள் ஊரில் எங்கள் ஆட்களுக்கு மற்றவர் தெருவில் நடக்கவே யோசிக்க வேண்டும், அண்ணே. இங்கே எங்களை ஹிந்திக்காரன் என்று திட்டுகிறார்கள். அவ்வளவுதான். அதற்குமேல் எங்களைப் பிரித்துப் பார்க்க இவர்களுக்குத் தெரியவில்லை."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் சொந்த ஊரில் நான் பீகார்க்காரனாகப் பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே மீதி டீயைக் குடித்தேன்.

அரியலூரிலும் நல்ல தெருக்கள் இருக்கின்றன. மரம் உண்டு, லாரி நுழையாது. அங்கே போர்டில் இருந்த நம்பர்களுக்குப் போன் செய்தேன். "சொந்த ஊரு எதுங்க?" என்று ஆரம்பித்தார்கள். அங்கிருந்து ரோட்டுப் பக்கம் நகர நகர வாடகை குறைந்தது. கேள்வியும் குறைந்தது. தூசி மட்டும் கூடிக்கொண்டே போனது. கடைசியில், சுரங்கத்துக்கு லாரி போகிற ரோட்டின் மேலேயே ஒரு வீடு. புது வீடுதான், நல்ல தளம், தண்ணீர் வருகிறது. வாசல் செம்பருத்திச் செடியில் இலை எது பூ எது என்று தெரியவில்லை, எல்லாம் சாம்பல் நிறம். வீட்டுக்காரர் தனபால், சொந்தமாக லாரி ஓட்டுகிறவர். பனியனோடு வெளியே வந்தார்.

"குடும்பமா, பேச்சலரா?"

"குடும்பங்க. பொண்ணு பதினொண்ணாவது போகுது."

"அப்ப சரி. உள்ள போயிப் பாத்துக்குங்க." சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் காத்திருந்தேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கே பொறுக்கவில்லை. "நாங்க செட்டிகுளம் பக்கம்ங்க. காலனி" என்றேன்.

"யாரா இருந்தா என்ன சார்" என்றார் தனபால். ரோட்டைப் பார்த்தார். "இந்த வூட்டுக்கு வந்தவங்க யாரும் ஒரு வருசத்துக்கு மேல இருந்ததில்ல. தூசி. சின்னப் புள்ள இருந்தா கஷ்டம்தான். நான் மறைச்சுச் சொல்லக்கூடாது பாருங்க. ஜன்னலை எப்பவும் சாத்தியே வைங்க."

அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பேச்சு அதுதான். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. ஒரு லாரி போனது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம்.

செல்வியையும் கயலையும் மறுநாள் கூட்டிவந்து காட்டினேன். கயல் எல்லா அறையையும் பார்த்தாள். மொட்டைமாடிக்கு ஏறவில்லை. "பரவால்லப்பா, எனக்குத் தனி ரூம் இருக்குல்ல" என்றாள். பிறகு பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று இழுத்துக்கொண்டாள். நான் டாக்டருடைய பேச்சை நினைத்துக்கொண்டேன், மருந்து பாதிதான். இனிமேல் அவளுக்கு மருந்துதான் முழுதும். திருச்சியில் பார்க்கலாம், தஞ்சாவூரில் பார்க்கலாம் என்று நானும் செல்வியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கூடம் நமக்காகக் காத்திருக்காது. சாவியை வாங்கிக்கொண்டோம்.

பால் காய்ச்சியது வெள்ளிக்கிழமைதான். பெரம்பலூர் அய்யா குறித்துக் கொடுத்த நாள், வீணாகப் போகவேண்டாம் என்று செல்வி சொன்னாள். தனபாலின் மனைவி வந்து விளக்கேற்றினார், எங்களோடு தரையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். அவர் போன பிறகு செல்வி டீ போட்டுக் கொடுத்தாள். நான் வெளியே வந்து வாசல் கட்டையில் உட்கார்ந்து குடித்தேன். முடித்ததும் கை குழாயைத் தேடியது. இந்த முறை எனக்குத் தெரிந்தது. இனி செத்தாலும் எந்த டம்ளரையும் கழுவிக் கவிழ்ப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தேன். எச்சில் டம்ளரைப் பெரிய மனிதர்கள் வைக்கிறமாதிரி, பக்கத்தில், நிமிர்த்தி, அலட்சியமாக வைத்தேன். வைத்துவிட்டு இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒன்றன்பின் ஒன்றாகக் கல் லாரிகள் போயின. கயல் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினாள். முகத்துணி போட்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"அப்பா, டம்ளரைக் கழுவிக் கவுத்து வைங்கப்பா. தூசி விழுது."

எழுந்துபோய்க் கழுவினேன். கவிழ்த்து வைத்தேன்.